டோசிங் பம்பு மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குத் தினமும் உரக் கரைசல் ஊற்றும் வேலையை ஒரு டோசிங் பம்பிடம் விட்டுவிட்டால், கல்யாணம் காட்சி என்று நான்கு நாள் வெளியூர் போனாலும் கவலை இல்லை. ஆனால் இது சத்தமில்லாமல் கெடுகிற சாமான். ஃபில்டர் நின்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். விளக்கு எரியாவிட்டால் வீட்டில் யாராவது சொல்வார்கள். டோசிங் பம்பு பாதி அளவுதான் ஊற்றுகிறது என்றால், இரண்டு மூன்று வாரம் கழித்து இலை வெளுத்த பிறகுதான் சந்தேகம் வரும். அப்போதும் பம்பின் மீது சந்தேகம் வராது. உரத்தை மாற்றுவார்கள், விளக்கை மாற்றுவார்கள், மண்ணைக் கிளறுவார்கள்.

கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நண்பர்கள் வீட்டுத் தொட்டிகளில் நான் பார்த்தவரை, கோளாறு எதுவானாலும் ஒரே இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பது நல்லது: குழாயின் முனை. திரையிலோ போன் ஆப்பிலோ ‘5 மி.லி. ஊற்றியாச்சு’ என்று காட்டுவது, நாம் பம்புக்கு இட்ட கட்டளையைத்தான். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வந்துவிடும். கடைமடையில் வயல் நனைந்ததா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். பம்புக்கும் அதே கணக்கு.

முதல் வேலை: இரண்டு தடவை அளப்பது

பம்பைக் கையால் ஓட்டும் பொத்தானை அழுத்தி, குழாயில் குமிழி இல்லாமல் கரைசல் முனை வரை வர விடுங்கள். அப்புறம் முனையை ஒரு சின்ன கண்ணாடி டம்ளருக்குள் விட்டு, தினமும் ஊற்றும் அதே அளவை ஓட்டச் சொல்லுங்கள். விழுந்ததை மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இது முதல் அளவு.

இரண்டாவது அளவுதான் முக்கியம். இதை யாரும் எடுப்பதில்லை. பம்பை இரவு முழுவதும் சும்மா விடுங்கள். மறுநாள் காலையில் அது தானாக ஓடும் நேரத்துக்கு முன்பு முனையை அதே டம்ளருக்குள் மாட்டிவைத்து, விழுவதை அளந்து பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் பம்பில் கோளாறு இல்லை. நேராகச் செடியைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம். இரண்டும் ஒரே மாதிரி குறைந்தால் பம்பின் தலைக்குள், அதாவது உருளைகள் சுற்றும் பகுதிக்குள் இருக்கும் டியூப், இல்லாவிட்டால் மின்சாரம். முதல் அளவு சரியாக இருந்து காலை அளவு மட்டும் குறைந்தால், கரைசல் இரவில் பாட்டிலுக்கே திரும்பி இறங்குகிறது. கூடுதலாக விழுந்தால் பம்பை உடனே நிறுத்திவிட்டு, பாட்டில் காலியாவது பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, சொட்டு கூட வரவில்லை

பாட்டிலைப் பாருங்கள். கரைசல் இருக்கிறதா, உறிஞ்சும் குழாய் அடி வரை போகிறதா? சிலிகான் டியூப் சுருண்டு மேலே எழும்பிவிடும். நுனியில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் சொருகினால் நேராக நிற்கும். பெட் பாட்டில் பக்கவாட்டில் சப்பிப்போய் நின்றால், மூடியில் காற்றுத் துளை இல்லை என்று அர்த்தம். குண்டூசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டால் போதும்.

பாட்டிலுக்குள் குமிழி விட்டால் பம்பு தலைகீழாகச் சுற்றுகிறது. அடாப்டரையோ வயரையோ சமீபத்தில் மாற்றியிருந்தால் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறியிருக்கும்.

அடுத்தது தலை. மோட்டார் சத்தம் கேட்கிறது, உருளைகள் சுற்றவில்லை என்றால் உள்ளே வழுக்குகிறது. மலிவான சில பம்புகளில் பல்சக்கரமே கிடையாது. மோட்டாரின் தண்டு நடுவில் நின்று உருளைகளை உரசியே சுற்ற வைக்கும். அங்கே ஈரமோ பிசுக்கோ பட்டால் வழுக்கும். கழற்றி உலர்ந்த துணியால் தண்டையும் உருளைகளையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சத்தம் வருகிறதே என்று தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் ஆயிலோ விடவே விடாதீர்கள். வழுக்கல் அதிகமாவது ஒரு பக்கம். மெஷின் ஆயில் பட்டால் சிலிகான் டியூப் ஊதிப்போய்விடும்.

உருளையும் சுற்றுகிறது, கரைசலும் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் எங்கேயோ அடைப்பு. வெளியேறும் குழாயைக் கழற்றி, சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் தள்ளிப் பாருங்கள்.

இரண்டு தடவையும் அளவு குறைகிறது

டோசிங் பம்புக்கு வரும் வியாதிகளில் இதுதான் சகஜமானது. காரணம் பெரும்பாலும் ஒரு சாண் டியூப்தான்.

இந்த வகைக்குப் பெரிஸ்டால்டிக் பம்பு என்று பெயர். அதன் வேலை எளிமையானது. உருளைகள் மெத்தென்ற டியூபை ஒரு வளைந்த சுவரோடு வைத்து நசுக்கிக்கொண்டே நகரும். நசுங்கிய இடத்துக்குப் பின்னால் டியூப் மறுபடி விரியும்போது கரைசலை உறிஞ்சும். விரியும் தெம்பு எவ்வளவோ, அவ்வளவுதான் உறிஞ்சும். பம்பு நாளைக்கு ஒரு நிமிடம் கூட ஓடாமல் இருக்கலாம். ஆனால் மீதி நேரம் முழுக்க டியூபின் அதே இடத்தில் உருளை உட்கார்ந்திருக்கிறது. சித்திரை வெயிலில் மூடிய ஸ்டாண்டுக்குள் இருந்தால் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

தலையைக் கழற்றி டியூபை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதுசு வட்டமாக, ஓரளவு தெளிவாக இருக்கும். பழசில் உருளை ஓடிய பகுதி மட்டும் தட்டையாக, வெளுத்து, நெடுக ஒரு பளபளப்பான தடத்தோடு இருக்கும். விரலுக்கு நடுவில் உருட்டினால் தட்டையான பக்கம் தெளிவாகத் தட்டுப்படும். நசுக்கிவிட்டால் புது டியூப் சட்டென்று எழும். பழையது சோம்பேறித்தனமாக எழும். ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது இன்னும் சில நாளில் ஒழுகும். உருளை கிடக்கும் இடத்தில் ஈரமோ வெள்ளை உப்போ இருந்தால் ஏற்கெனவே ஒழுகிவிட்டது.

டியூபை நகராமல் நிறுத்தும் கண்ணி இல்லாமல் ஒரே நீளமாகப் போகிற தலையாக இருந்தால், டியூபை நாலு விரற்கடை இழுத்து, தேயாத பகுதியை உருளைக்கு அடியில் கொண்டுவரலாம். தற்காலிகத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். நிரந்தரத் தீர்வு, புது டியூப். வாங்கும்போது உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் பாருங்கள். சின்ன பம்புகளில் பெரும்பாலும் உள்ளே 2, வெளியே 4 மி.மீ. சுவர் கொஞ்சம் மெலிந்தால் உருளை முழுசாக நசுக்காது; கொஞ்சம் தடித்தால் மோட்டார் திணறும். ஏர் பம்புக்கு வாங்கும் டியூபையும், ஆஸ்பத்திரி டிரிப்ஸ் டியூபையும் தலைக்குள் போடாதீர்கள். வெளியே நீட்டிக்க மட்டும் பயன்படுத்தலாம். பி.பி.டி. என்று விற்கும் டியூப் சிலிகானைவிட வெகுகாலம் உழைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதுவானாலும் ஆண்டுக்கு ஒரு தடவை, கெட்டாலும் கெடாவிட்டாலும், மாற்றிவிடுவது என் பழக்கம்.

டியூப் நன்றாக இருந்தும் குறைந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். சாதாரண டி.சி. மோட்டாரின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. நான்கு தலைகளை ஒரே அடாப்டரில் மாட்டி, நான்கையும் காலை 7 மணிக்கு ஓடச் சொன்னால், 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் லேசான அடாப்டர் இறங்கிவிடும். மோட்டார் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு தலைக்கும் நேரத்தைத் தள்ளி வைப்பதே பாதி வைத்தியம். ஸ்டெப்பர் மோட்டார் பம்பில் இந்தத் தொல்லை குறைவு. அது வோல்டேஜைப் பார்க்காமல் அடிகளை எண்ணிச் சுற்றும்.

எதைச் சரிசெய்தாலும் கடைசியில் காலிபரேஷன் செய்யுங்கள், அதாவது உண்மையில் விழும் அளவைப் பம்புக்குச் சொல்லிக்கொடுங்கள். பாட்டில், குழாய் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்க வேண்டும். மேஜை மேல் வைத்துச் செய்தால் ஏற்ற இறக்கம் மாறிவிடும். சாதாரணத் தண்ணீரை ஓட்டி, 50 மி.லி.யாவது பிடித்து, சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1 கிராம் தண்ணீர் 1 மி.லி. உரக் கரைசல் கொஞ்சம் கனமானது என்பதால் அதை வைத்து நிறுத்தால் கணக்கு தப்பும்.

உடனே அளந்தால் சரி, காலையில் குறைவு

பாட்டில் கீழே ஸ்டாண்டில், முனை மேலே தொட்டியின் விளிம்பில். உருளை டியூபை முழுசாக அடைக்காவிட்டால், இரவில் குழாயில் நிற்கும் கரைசல் மெல்ல பாட்டிலுக்கே இறங்கிவிடும். காலையில் பம்பு ஓடும்போது முதலில் தள்ளுவது காற்றைத்தான்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 2 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு 3 மி.லி.க்குக் கொஞ்சம் மேலே கரைசல் நிற்கும். பாட்டிலிலிருந்து முனை வரை ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 4.7 மி.லி. தினசரி அளவு 5 மி.லி. என்று வைத்திருந்தால், பம்பு ஒழுங்காக ஓடியும் தொட்டிக்குள் விழுவது ஒரு சில சொட்டுதான். 3 மி.மீ. குழாய் என்றால் மீட்டருக்கு 7 மி.லி.; ஒரு சொட்டும் விழாது.

சோதிப்பது சுலபம். இரவில் பம்பு ஓடி முடிந்ததும் குழாயில் கரைசல் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடைப்பு சரியில்லை. இன்னொரு வழி: உறிஞ்சும் பக்கத்தில் காற்று நிரம்பிய சிரிஞ்சை மாட்டி அழுத்துங்கள், முனையைத் தண்ணீர் டம்ளரில் வைத்திருங்கள். குமிழி வந்தால் உருளை நசுக்கவில்லை. மருந்து மறுபடியும் புது டியூப்தான். கூடவே குழாயின் நீளத்தையும் குறைத்துவிடுங்கள். ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு போடலாம், ஆனால் அதற்குள் ஒரு துகள் சிக்கினால் அதுவே புதுக் கோளாறாகிவிடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பாட்டில் சீக்கிரம் காலியாகிறது

மற்ற கோளாறுகளில் செடி வாடும். இதில் மீன் சாகும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாட்டிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில், மேலே ஷெல்ஃபில் வைத்திருக்கிறீர்களா? டியூப் தளர்ந்த அன்றைக்கு கரைசல் தானாகவே தொட்டிக்குள் இறங்க ஆரம்பிக்கும். சைஃபன் பிடித்துவிட்டால் பாட்டில் காலியாகும் வரை நிற்காது. பாட்டில் கீழே இருந்து, முனை தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் நிலைமை தலைகீழ்: தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் வந்து, வழிந்து, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரை போகும். இரண்டுக்கும் சேர்த்து இரண்டே விதி. பாட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில், விழுவது கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

மூன்றாவதாக நான் ஒன்று வலியுறுத்துவேன்: பாட்டில் சிறியதாக இருக்க வேண்டும். 100 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்த கரைசலில் 10 மி.லி. ஊற்றினால் நைட்ரேட் லிட்டருக்கு 3 மி.கி. கூடும். அது நல்ல அளவு. அதே கரைசல் அரை லிட்டரும் ஒரே இரவில் இறங்கினால் 150 மி.கி. கூடும். கால் லிட்டர் பாட்டிலாக இருந்தால் 77 மி.கி.; தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரேயடியாகக் கலந்து வைக்கும் வசதிக்காக ஒரு லிட்டர் கேனை மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரிலே (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்) போட்டு வீட்டிலேயே பம்பு செய்தவர்கள் ரிலேயையும் சந்தேகப்பட வேண்டும். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. நம் ஊரில் எறும்பும் பல்லியும் மின்சாமான்களுக்குள் குடியேறுவது வழக்கம் என்பதால், பெட்டியின் வயர்த் துளைகளை அடைத்து வையுங்கள்.

ஏற்கெனவே இறங்கிவிட்டது என்றால் முதலில் ஏர் பம்பைப் போடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாள் இன்னொரு பாதி. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் மாதிரி குளோரின் போட்ட தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகு மாற்றுங்கள். அவசரத்தில் இதை மறந்தால் உரத்துக்குத் தப்பிய மீன் குளோரினில் போகும். இறங்கியது திரவ கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி.

கரண்ட் போய் வந்த பிறகு தாறுமாறு

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலையில்தான் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பம்பின் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி இல்லாவிட்டால், கரண்ட் வந்த நேரத்தை நள்ளிரவு 12 என்று எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து உரம் கண்ட நேரத்தில் விழும். பேட்டரி இருந்தும் மறந்தால், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். வைஃபையில் ஓடுகிற பம்பு, ரவுட்டர் எழும்பும் வரை நேரம் தெரியாமல் நிற்கலாம்.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாட்டிலில் வெறும் தண்ணீர் வைத்து, உரம் விழ வேண்டிய நேரத்துக்கு முன்பு பிளக்கைப் பிடுங்கி, நேரம் கடந்த பிறகு மாட்டுங்கள். சில பம்புகள் விட்டதை அப்படியே விட்டுவிடும், சில விட்டதையும் சேர்த்து ஊற்றும். உங்களுடையது எந்த ஜாதி என்று மீன் இருக்கும் தொட்டியில் தெரிந்துகொள்வதைவிட டம்ளரில் தெரிந்துகொள்வது மேல். நேரத்தை காலை 6, 7 மணிக்கு வைத்தால் பராமரிப்பு நிறுத்தத்தில் சிக்காது. விளக்கு எரிவதற்கு முன்பு உரம் விழுவது செடிக்கும் நல்லது.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு கரண்ட் வந்ததும், விட்டுப்போன நாட்களுக்கான உரத்தைச் சேர்த்து ஊற்ற வேண்டாம். வெளிச்சம் இல்லாமல் கிடந்த செடி அதைத் தின்னப்போவதில்லை, பாசிதான் தின்னும். இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் ஃபில்டரையும் சேர்த்து மாட்டுங்கள். தண்ணீர் ஓடாதபோது விழும் உரம் ஒரே இடத்தில் தேங்கி நிற்கும்.

மோட்டார் அசையவே இல்லை என்றால் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அடாப்டரை மாற்றிப் பாருங்கள். நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் ஓடுகிற மோட்டார் என்றால் கோளாறு கன்ட்ரோலரில். ஓடாத மோட்டாரை மாற்ற வேண்டியதுதான்.

பாட்டிலில் கலங்கல், முனையில் படிவு, பூஞ்சை

டெல்டாவில் இருப்பதால் நமக்கு ஒரு பெரிய வசதி, உரக்கடை. ‘அண்ணே, பதிமூணு-சைபர்-நாப்பத்தஞ்சு ஒரு கிலோ இருக்கா?’ என்று கேட்டால், ‘வாழைக்கா தம்பி, வெள்ளரிக்கா?’ என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள். 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 என்பது பொட்டாசியம் சல்பேட். தொட்டிக்கு வேண்டிய பேரூட்டம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதே கடையில் இருக்கும் யூரியா, டி.ஏ.பி., 19-19-19 மூன்றையும் தொடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் அம்மோனியா, நம் போர் தண்ணீர் மாதிரி பி.எச். ஏறிய தண்ணீரில் மீனுக்கு விஷம். நெல்லுக்குப் போடும் நுண்ணூட்டக் கலவையும் வேண்டாம். அதில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கும். இறால் வளர்ப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்க நேரிடும்.

கலந்த மறுநாளே பாட்டிலின் அடியில் வெள்ளை மாவு படிந்தால், போர் தண்ணீரில் கலந்திருக்கிறீர்கள். அதிலிருக்கும் கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். கரைசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ மட்டும் பயன்படுத்துங்கள். அடியில் கிடப்பது மாவாக இல்லாமல் கண்ணாடித் துகள் மாதிரி இருந்தால் அது படிகம். அளவுக்கு மீறிக் கரைத்திருக்கிறீர்கள். பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் கரையவே தயங்கும். கூடவே பொட்டாசியம் நைட்ரேட்டும் இருந்தால் இன்னும் குறைவாகத்தான் கரையும். சித்திரையில் கரைந்தது மார்கழிக் குளிரில் படிகமாகி டியூபை அடைக்கும். நீர்க்கக் கலந்து, ஊற்றும் அளவைக் கூட்டுவதே சரி.

இரும்பும் பாஸ்பேட்டும் ஒரே பாட்டிலில் இருந்தால் துரு நிறத்தில் கலங்கும். இரண்டுக்கும் தனித்தனி பாட்டில், தனித்தனி தலை, இடையில் சில மணி நேரம் இடைவெளி. இரும்பு இருக்கும் நுண்ணூட்ட பாட்டிலில் பஞ்சு மாதிரி மிதப்பது பூஞ்சை. கரைசலைக் கொட்டிவிட்டு, பாட்டிலையும் குழாயையும் வெந்நீரில் கழுவுங்கள். மறுபடி கலக்கும்போது அரை லிட்டருக்கு அரை கிராம் அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) 0.2 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் (பூஞ்சை தடுக்கும் பொருள்) சேர்த்து, வெளிச்சம் படாத பாட்டிலில் வையுங்கள். வைட்டமின் சி சப்பும் மாத்திரையைப் பொடித்துப் போட வேண்டாம். அதிலிருக்கும் சர்க்கரை பூஞ்சைக்குத்தான் தீனி.

கடல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முனையில் வெள்ளைக் கல் கட்டுவது தினசரித் தொல்லை. கால்சியம் குளோரைடும் சோடா உப்பும் நெருங்கி விழுந்தால் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். இரண்டு முனைகளையும் தள்ளி வையுங்கள், நேரத்தில் அரை மணியாவது இடைவெளி விடுங்கள், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் விழ விடுங்கள். கட்டிய கல் வினிகரில் ஊறினால் கரைந்துவிடும். அப்படியும் ஓயாமல் கட்டினால் மக்னீசியத்தைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1250 மி.கி.க்குக் கீழே போயிருக்கலாம்.

பம்பு சரி, செடிதான் சரியில்லை

இரண்டு அளவும் சரியாக வந்தால் பம்பை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன். பழைய இலையில் ஊசித் துளைகள் என்றால் பொட்டாசியம்.

இரும்பு தவறாமல் விழுந்தும் தளிர் வெளுப்பது இந்தப் பக்கம் அடிக்கடி பார்க்கக்கூடியது. உரக் கடையில் இரும்பைக் கரைசலில் பிடித்து வைக்கும் ஒரு சேர்மத்தோடு சேர்த்து விற்பார்கள். சுலபமாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 6.5-க்கு மேல் போனால் அந்தப் பிடிப்பை விட்டுவிடும். டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாங்கும். போர் தண்ணீர்த் தொட்டிக்கு டி.டி.பி.ஏ. வாங்குங்கள். இன்னும் ஏறிய தண்ணீருக்கு இ.டி.டி.எச்.ஏ. உண்டு, தண்ணீர் லேசாகச் சிவந்து தெரியும், அதில் கெடுதல் இல்லை. உரம் சேர்ந்ததா என்று டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டுவது) பார்க்காதீர்கள். 3 மி.கி. நைட்ரேட் கூடுவதை, ஏற்கெனவே பல நூறு காட்டும் தண்ணீரில் அது எப்படிச் சொல்லும்? நைட்ரேட் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வாரம் ஒரு முறை பாருங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால்

வேகமான பம்பு நல்ல பம்பு என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 100 மி.லி. தள்ளும் பம்பில் 2 மி.லி. ஊற்ற ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அரை வினாடி பிசகினால் அளவு பாதிக்குப் பாதி போச்சு. வீட்டுத் தொட்டிக்கு மெதுவான பம்பே மேல். ஒரு நிமிடத்துக்குக் குறைவாக வைக்க முடியாத பிளக் டைமரில் வெறும் மோட்டாரை மாட்டுவதும் இதனால்தான் ஒத்துவராது.

கையில் காசு இருந்தால் ஸ்டெப்பர் மோட்டார். இல்லாவிட்டால் நல்ல அடாப்டரோடு டி.சி. மோட்டார், மாதம் ஒரு முறை அளந்து பார்க்கத் தயார் என்றால் அதுவே போதும். தலை உருளை தெரியும்படி இருக்க வேண்டும், திருகு கழற்றாமல் திறக்க வந்தால் இன்னும் நல்லது. கடிகாரத்துக்கு பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆப்பில் மட்டும் ஓடும் பம்பைவிட, மேலேயே பொத்தான் உள்ளதை நான் எடுப்பேன். வீட்டில் இருக்கும் அம்மாவோ தம்பியோ அவசரத்துக்கு நிறுத்த முடியும். தலைகளை எண்ணும்போது பேரூட்டத்துக்கு ஒன்று, நுண்ணூட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கட்டாயம்.

பம்போடு சேர்த்து அதே அளவில் மாற்று டியூப் இரண்டும் வாங்கி வையுங்கள். நம் ஊர் மீன் கடைகளில் அது கிடைப்பது அரிது. சென்னை கொளத்தூருக்கு ஆள் போகும் வரை, இல்லாவிட்டால் கூரியர் வரும் வரை, செடி காத்திருக்காது. தொட்டி 30 லிட்டருக்கும் சின்னது என்றால் பம்பே வேண்டாம். தினமும் அரை மி.லி., ஒரு மி.லி. ஊற்ற சிரிஞ்சைவிடச் சரியாக எந்தப் பம்பும் ஊற்றாது.